பேண்ட் செட்டுக்கு ஒரு ஜீப்

பேண்ட் செட் தொழிலில் வாசிப்பது பாதி வேலைதான். வாசிக்கிற இடத்துக்கு நேரத்தில் போய்ச் சேருவது மீதிப் பாதி, அதைச் சொல்லிக்கொடுக்க எந்த மாஸ்டரும் கிடையாது.

என் அப்பா ஆவடியில் பத்துப் பேர் கொண்ட பேண்ட் செட் நடத்துகிறார். கிளாரினெட் வாசிப்பார். ஊரே அவரை மாஸ்டர் என்றுதான் கூப்பிடும். நான் பிளஸ் டூவில் கணக்குப் பதிவியலில் பெயில். மறுபடி எழுதச் சொன்னார்கள், எழுதவில்லை. ஒரு வருஷம் முழுக்கப் புரியாதது ஒரு மாசத்தில் புரிந்துவிடும் என்று எனக்குத் தோன்றவில்லை. அதனால் கடையில் உட்கார்ந்து புக்கிங் நோட்டைப் பார்த்துக்கொள்கிறேன். பழைய வண்டி வைத்துக்கொண்டு பிழைக்கிற எல்லாருக்கும் இதில் வருகிற கஷ்டம் தெரிந்ததாகத்தான் இருக்கும். எங்களுக்கு நடந்ததைப் படித்துவிட்டு, உங்கள் வண்டி பரவாயில்லை என்று நிம்மதியாக இருங்கள்.

சிவப்புக் கோட்டில் தள்ளியது

எங்கள் மினி லாரிக்கு என்னைவிட இரண்டு வயது அதிகம். நாங்கள் வாங்கும்போதே அது மூன்று கை மாறியிருந்தது. ஓட்டுவது ஏழுமலை அண்ணன். வண்டியை நிறுத்திவிட்டு இறங்கியதும் அவரே பேஸ் டிரம்மை மாட்டிக்கொள்வார். நெஞ்சுக்கு முன்னால் தொங்கவிட்டு இரண்டு பக்கமும் அடிப்பார்களே, அந்தப் பெரிய டிரம். பின்னால் திறந்த தொட்டியில் மற்றவர்கள் நின்றுகொண்டு வருவார்கள்.

காட்டுப்பாக்கத்தில் ஒரு மாப்பிள்ளை அழைப்பு. மண்டபத்துக்கு இரண்டு தெரு முன்னால் லாரி படுத்துவிட்டது. சரிகை வைத்த சிவப்புக் கோட்டோடு ஒன்பது பேர் இறங்கித் தள்ளினார்கள். மண்டப வாசலில் இருந்த குழந்தைகள் இதுவும் நிகழ்ச்சியில் ஒரு பகுதி என்று நினைத்துக் கை தட்டின. வியர்வையில் நனைந்து, கையெல்லாம் கிரீஸோடு அப்பா கிளாரினெட்டை எடுத்தபோது மாப்பிள்ளையின் தாய்மாமன் பக்கத்தில் வந்து சொன்னார்: "மாப்ள அழைப்புக்குக் கூப்ட்டா, நீங்க வண்டி ஊர்வலம் நடத்திகினு வரீங்களே மாஸ்டரே."

தேர் போய்விட்டது

இதைச் சிரித்துவிட்டு மறந்துவிடலாம். திருவிழாவில் நடந்ததை மறக்க முடியாது. எங்கள் பங்கு மாதா கோவிலில் மே மாசம் தேர்ப் பவனி. இருபது வருஷமாக அப்பாதான் வாசிக்கிறார். எங்களுக்கு வருஷம் முழுக்க வருகிற கல்யாண புக்கிங்கில் முக்கால்வாசி அந்த ஒரு சாயங்காலத்தில் முடிவாகிறது. வாசலில் நின்று தேர் பார்க்கிறவர்கள் எங்களையும்தான் பார்க்கிறார்கள். "நம்ம பொண்ணு கல்யாணத்துக்கு இவங்களையே சொல்லிடு" என்று அங்கேயே பேசி முடிப்பார்கள்.

போன வருஷம் ரயில்வே கேட்டில் லாரியின் கியர் சிக்கிக்கொண்டது. முன்னாலும் போகவில்லை, பின்னாலும் போகவில்லை. பின்னால் நின்ற பஸ்காரர் கையை ஹார்னிலிருந்து எடுக்கவேயில்லை. கடைசியில் வாத்தியங்களைத் தூக்கிக்கொண்டு எல்லாரும் நடந்தார்கள். போய்ச் சேர்ந்தபோது தேர் மூன்று தெரு தாண்டியிருந்தது. பாட்டுக் குழுப் பெண்கள் மட்டும் தொண்டை கட்டிப்போய் பாடிக்கொண்டிருந்தார்கள். அந்த மூன்று தெருவிலிருந்து இந்த வருஷம் ஒரு புக்கிங்கூட வரவில்லை. நோட்டு என் கையில் இருக்கிறது, எனக்குத் தெரியும்.

தை மாசம் விழாக் குழுச் செயலாளர் லூர்து சார் கடைக்கு வந்தார். பீரங்கி வண்டி செய்கிற தொழிற்சாலையில் வேலை, ஒரு நிமிஷம் தாமதமானால் கேட்டைச் சாத்திவிடுகிற இடம். இந்த வருஷமும் தாமதமானால் வேறு செட்டுக்குக் கொடுத்துவிடுவோம் என்றார். அது போனால் புக்கிங் போகும், புக்கிங் போனால் ஆட்கள் வேறு செட்டுக்குப் போவார்கள், அப்புறம் அப்பா தனியாக உட்கார்ந்து கிளாரினெட் வாசிக்க வேண்டியதுதான். அப்பா, மாதா எங்களை மன்னிப்பாள் என்று என்னவோ சொல்ல ஆரம்பித்தார். லூர்து சார் எழுந்துகொண்டார்: "மாதா காத்திருப்பாங்க மாஸ்டர். ஜனங்க காத்திருக்க மாட்டாங்க."

உள்ளே என்ன?

இன்னொரு லாரி வாங்கலாம் என்றுதான் அப்பா முதலில் சொன்னார். நான் ஒத்துக்கொள்ளவில்லை. மழை வந்தால் தொட்டிக்கு மேல் தார்ப்பாய் போட்டும் கோட்டெல்லாம் சாயம் போகிறது. போதாததற்கு, அம்பத்தூரில் ஒரு டிராபிக் போலீஸ்காரர் எங்களை நிறுத்தினார். சரக்கு வண்டியில் ஆள் ஏற்றக் கூடாது என்பது எங்களுக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். தொட்டியின் தார்ப்பாயைத் தூக்கிப் பார்த்தார். உள்ளே தொப்பி வைத்துக்கொண்டு ஒன்பது பேர் பேசாமல் உட்கார்ந்திருந்தார்கள். தார்ப்பாயை மெதுவாக விட்டுவிட்டு ஏழுமலை அண்ணனிடம் கேட்டார்: "இன்னாய்யா, ராணுவத்த கடத்திகினு போறியா?"

அன்றைக்கே முடிவு செய்துவிட்டோம். நீளமான பாடி உள்ள ஜீப். முன்னால் மூன்று பேர், பின்னால் எதிரெதிர் பெஞ்சில் ஏழு பேர்.

தட்டிப் பார்த்தது

தவக்காலத்தில் கோவிலில் கல்யாணம் கிடையாது. அந்த நாற்பது நாளும் எங்களுக்குச் சாவு வாசிப்பு மட்டும்தான், அது எப்போது வரும் என்று யாராலும் சொல்ல முடியாது. அதனால் வண்டி பார்க்க நேரம் இருந்தது. முதலில் பூந்தமல்லி ரோட்டில் ஒரு புரோக்கர். பளபளவென்று வெள்ளை ஜீப். நான் கேட்ட கேள்விக்கெல்லாம் அவர் அப்பாவைப் பார்த்தே பதில் சொன்னார். "என்ஜினைத் திறங்க" என்று நான் சொன்னால், "பாப்பாவுக்கு கலர் சோடா வாங்கியா" என்று பையனை அனுப்பினார். அப்பா தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார். யார் மரியாதையாகப் பேசினாலும் அப்பா வாங்கிவிடுவார்.

ஏழுமலை அண்ணனுக்குப் பேச்சு போரடித்தால் கை சும்மா இருக்காது. கதவு, தண்ணீர் டிரம், மேஜை, எதையாவது விரல் முட்டியால் தட்டிக்கொண்டே இருப்பார். அன்றைக்கு ஜீப்பைத் தட்டினார். முன்பக்கம் டங் டங் என்றது. கதவுக்குக் கீழே வந்தபோது டொப் என்றது. நின்றார். மறுபடி தட்டினார். டொப். குனிந்து காதை வைத்து, பக்கம் முழுக்கத் தட்டிக்கொண்டே போனார்.

"மாஸ்டரே, இங்கேர்ந்து இது வரிக்கும் தோலு செத்துப்போய்கீது" என்றார்.

நான் தலையிலிருந்து ஹேர்பின்னை எடுத்து அந்த இடத்தில் கீறினேன். பெயிண்டுக்குக் கீழே தகரம் இல்லை. துருப்பிடித்து ஓட்டையான இடத்தையெல்லாம் பட்டி பூசி அடைத்திருந்தார்கள். விரல் கனத்துக்குப் பெயர்ந்து வந்தது. புரோக்கர் முதல் தடவையாக என்னை நேராகப் பார்த்தார். அப்புறம் ஏழுமலை அண்ணனைப் பார்த்துச் சொன்னார்: "இத்தினி வருசமா வண்டி விக்கிறேன் அண்ணாத்தே, தேங்கா மாதிரி தட்டிப் பாத்து வாங்க வந்த ஆளு நீதான்."

காபி இரண்டு தடவை வந்தது

அடுத்தது அம்பத்தூரில் ஒரு வீடு. சொந்த வண்டி, புரோக்கர் கிடையாது என்று போனில் சொன்னார்கள். போய்ப் பார்த்தால் ஜீப் வாசலில் தயாராக நின்றது. வீட்டுக்காரர் சாவியைத் திருப்பினார், உடனே பிடித்துக்கொண்டது. அப்பா என்னைப் பார்த்துச் சிரித்தார். நான் பானெட் மேல் கையை வைத்தேன். தோசை சுடலாம்.

"இப்பத்தான் மார்க்கெட் போய்ட்டு வந்தேன்மா" என்றார். சரி, ஆறட்டும் என்றேன். ஏன் என்றார். ஆறினதும் எடுத்துக் காட்டுங்கள், பார்த்துவிட்டுப் போகிறோம் என்றேன். அப்பாவுக்குக் கூச்சமாகிவிட்டது. "ஊட்டுக்காரங்களுக்கு வேலை இருக்கும்டி" என்று காதில் சொன்னார். எனக்கு வேலை இல்லை, உட்கார்ந்துகொண்டேன். இரண்டரை மணி நேரம் உட்கார்ந்தோம். காபி இரண்டு தடவை வந்தது. வீட்டுக்காரர் பேப்பரை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை படித்துவிட்டு மறுபடி முதல் பக்கத்துக்கு வந்தார்.

ஆறின பிறகு சாவியைத் திருப்பினால் என்ஜின் இருமியதே தவிர எழுந்திருக்கவில்லை. பதினோராவது தடவை பிடித்தது. கூடவே வெள்ளைப் புகை. வாசல் வேப்பமரம் கொஞ்ச நேரம் கண்ணுக்குத் தெரியவில்லை. காலி டம்ளர்களை எடுக்க வந்த அவர் வீட்டம்மா, எங்களை மறந்துவிட்டுப் புருஷனிடம் சொன்னார்: "காலையில தெருவே சேந்து தள்ளினப்பவே சொன்னேன், வரவங்க சீக்கிரம் கெளம்பலன்னா மாட்டிப்பீங்கன்னு."

வெற்றிலை மாற்றியது

மூன்றாவது ஜீப்பைப் பார்க்க அப்பா என்னைக் கூட்டிப்போகவில்லை. நான் மரியாதை இல்லாமல் நடந்துகொள்கிறேனாம். ஏழுமலை அண்ணனோடு திருநின்றவூர் போனார். அங்கே ஒரு ஏஜென்ட் என்ஜினை ஓடவிட்டார். அப்பா கண்ணை மூடிக்கொண்டு ஐந்து நிமிஷம் கேட்டாராம். "சுருதி கொஞ்சம்கூட நகரல ஜெசி, அப்படியே நின்னுச்சு" என்று வீட்டுக்கு வந்து சொன்னார். அத்தோடு நிற்காமல், அங்கேயே வெற்றிலை பாக்கு மாற்றிவிட்டு வந்திருந்தார்.

எங்கள் தொழிலில் வெற்றிலை பாக்கோடு ஒரு ரூபாய் வாங்கிவிட்டால் அந்தத் தேதி போய்விட்டது என்று அர்த்தம். அதற்கப்புறம் யார் எவ்வளவு கொடுத்தாலும் மாற்ற மாட்டோம். அப்பா வாழ்க்கையில் ஒரு தடவைகூட மாற்றியதில்லை. அதற்காக ஜீப் ஏஜென்ட்டிடமும் அதையே செய்வதா? அந்த ஆளுக்கு வெற்றிலை என்றால் போட்டுத் துப்புகிற சாமான்.

மறுநாள் நானும் போனேன். ஆர்.சி. புக்கை வாங்கினேன். என்ஜின் மேல் இருந்த எண்ணெய்ப் பிசுக்கைத் துணியால் துடைத்துவிட்டு, அங்கே அடித்திருந்த நம்பரை ஒவ்வொன்றாகப் படித்தேன். புக்கில் கடைசி மூன்று எண்கள் வேறு. இந்த வண்டிக்கான என்ஜின் இது இல்லை. எந்த வண்டியிலிருந்து வந்தது, அது யாருடைய வண்டி என்று கேட்டேன். ஏஜென்ட் புக்கைத் திரும்ப வாங்கிக்கொண்டார். "வெத்தல மாத்தியாச்சுடி" என்றார் அப்பா. ஏஜென்ட் கொடுத்து அப்பா வாங்கிவந்த வெற்றிலையை ராத்திரி தண்ணீர் தெளித்து வைத்து, அப்படியே தட்டோடு எடுத்து வந்திருந்தேன்; அந்த ஆளின் மேஜை மேல் வைத்துவிட்டு அவருடைய ஒரு ரூபாயையும் அதன் மேல் வைத்தேன். அப்பா முகத்தைப் பார்க்க எனக்கே கஷ்டமாகத்தான் இருந்தது. ஆனாலும் வைத்தேன். ஏஜென்ட் அப்பாவிடம் கேட்டார்: "கணக்குல பெயிலான பொண்ணுன்னு நேத்து சொன்னீங்களே சார், நம்பர மட்டும் இவ்ளோ கரெக்டா படிக்குது?"

எட்டுக் குறை

அப்பா இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் சட்டை போட்டுக்கொண்டு வாசலில் நின்று, யாருக்கோ சொல்கிற மாதிரி, "முத்தாபுதுப்பேட்டையில ஒரு ஜீப் இருக்காம்" என்றார். செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினேன். உயிர்த்த ஞாயிறு முடிந்து ஒரு வாரம் ஆகியிருந்தது. திருவிழாவுக்கு மூன்றே வாரம்.

வண்டிக்காரர் பெயர் தங்கையா. திருநெல்வேலிக்காரர், லூர்து சாரின் தொழிற்சாலையில் ரிட்டையர் ஆனவர், கண் சரியாகத் தெரியாததால் ஓட்டுவதை நிறுத்திவிட்டார். ஜீப் பார்க்க நன்றாகவே இல்லை. சாயம் போன பச்சை, சீட்டெல்லாம் கிழிசல். ஆனால் நான் கையை நீட்டுவதற்கு முன்னாலேயே, "பானெட்டைத் தொட்டுப் பாரும்மா, நேத்துலேருந்து எடுக்கல" என்றார். ஜில்லென்று இருந்தது. சாவியைத் திருப்பினார், ஒரே திருப்பு. ஏழுமலை அண்ணன் சுற்றிச் சுற்றித் தட்டினார், எங்கும் டங். ஆர்.சி. புக்கில் நம்பர் ஒன்றுக்கு ஒன்று சரியாக இருந்தது. அப்பா கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, "சுருதி கொஞ்சம் எறக்கம், ஆனா சுத்தம்" என்றார்.

பிறகு தங்கையா சார் எங்களைக் கேள்வி கேட்டார். யார் ஓட்டுவது, எத்தனை பேர் ஏறுவீர்கள், இரண்டாவது கியரில் அவசரப்படுவீர்களா? ஏழுமலை அண்ணனை ஓட்டச் சொல்லிப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு காதால் கவனித்தார். திரும்பி வந்ததும் ஒரு நோட்டை எடுத்து வாசித்தார். இடது வைப்பர் ஓடாது. இரண்டாவது கியர் குளிரில் கரகரக்கும். மழைக்கு ஓட்டுநர் கால்மேல் சொட்டும். இப்படி எட்டு. அப்பாவுக்குப் பயமாகிவிட்டது. எனக்கு அந்த இடத்தில்தான் நம்பிக்கை வந்தது. தன் வண்டியின் குறையை வரிசையாக எழுதி வைத்திருக்கிற ஆள் எதையும் மறைத்திருக்க மாட்டார். வாங்கிவிடலாம் என்றேன். இந்தத் தடவையும் அப்பா வெற்றிலை வாங்கிவரச் சொன்னார், நான் தடுக்கவில்லை. தங்கையா சார் நோட்டை மூடினார்: "எட்டுக் கொற இருக்கு, ஒளிச்சு வைக்கல. ஒம்பதாவதா ஒண்ணு கண்டுபுடிச்சா வந்து சொல்லுங்க, நானும் தெரிஞ்சுக்கிடுதேன்."

லாரி போனது

திருவிழாவுக்கு இரண்டு நாள் முன்னால் லாரியைக் காயலான் கடைக்காரருக்குக் கொடுத்தோம். அதுவும் சுலபத்தில் போகவில்லை. அவர் கயிறு கட்டி இழுத்தார், கயிறு அறுந்தது. சங்கிலி போட்டார். லாரி நகர்ந்தது, பம்பர் நகரவில்லை. பம்பரைத் தூக்கித் தொட்டியில் போட்டுக்கொண்டு, கையைத் தட்டிவிட்டு என்னிடம் கேட்டுக்கொண்டார்: "இத நா காசு குட்த்து வாங்குனேன்னு ஏரியாவுல யார்கிட்டயும் சொல்லாத பாப்பா."

ஒன்பதாவது

ஐந்து மணிக்குத் தேர். இரண்டு மணிக்கு எல்லாரும் கோட்டோடு கடை வாசலில். கிளாரினெட், டிரம்பெட், சைடு டிரம் எல்லாம் ஏறிவிட்டன. ஏழுமலை அண்ணன் வீட்டிலிருந்து பேஸ் டிரம்மை ரிக்‌ஷாவில் கொண்டுவந்து இறக்கி, ஜீப்பின் பின்கதவு வழியாக உள்ளே தள்ளினார். போகவில்லை. சாய்த்துத் தள்ளினார். போகவில்லை. படுக்கப் போட்டார், தூக்கிப் பிடித்தார், முன்கதவுக்குக் கொண்டுபோனார். பின்கதவில் மூன்று விரல் அகலம் பற்றவில்லை. முன்கதவைப் பற்றிப் பேச்சே இல்லை. லாரி இருந்தவரை அது திறந்த தொட்டியில் கடைசியாக ஏறும், முதலில் இறங்கும். அதற்கும் ஒரு அளவு இருக்கிறது என்று எங்களில் யாருக்கும் தோன்றியதேயில்லை.

பானெட்டைத் தொட்டுப் பார்த்தவள் நான். நம்பரை ஒவ்வொன்றாகப் படித்தவள் நான். டிரம்மை அளக்கவில்லை. யாரும் என்னைத் திட்டவில்லை, அது இன்னும் மோசமாக இருந்தது. ஒருத்தர் வளையத்தைக் கழற்றலாம் என்றார். கழற்றினால் மறுபடி தோலை இழுத்துக் கட்டிச் சரிசெய்ய அரை நாள் ஆகும். இன்னொருத்தர் பஸ்ஸில் அனுப்பலாம் என்றார். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் எந்த கண்டக்டர் ஏற்றுவார்? லாரியும் இல்லை. மணி இரண்டே முக்கால். அப்பா படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டார்.

நான் பின்கதவையே பார்த்துக்கொண்டிருந்தேன். கதவின் வெளிப்பக்கம் ஸ்டெப்னி டயர் மாட்டியிருந்தது. வட்டமாக. "ஸ்பேனர் குடுங்கண்ணா" என்றேன். டயரைக் கழற்றினோம். அது படுக்கைவாக்கில் தாராளமாக உள்ளே போயிற்று; சைடு டிரம்காரர் அதன் மேலேயே உட்கார்ந்துகொண்டார். டயர் இருந்த இடத்தில் டிரம்மை வைத்து, சால்வை சுற்றி, கயிற்றால் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டினேன். ஏழுமலை அண்ணன் ஒவ்வொரு முடிச்சையும் இழுத்துப் பார்த்துவிட்டு ஸ்டியரிங்கில் போய் உட்கார்ந்தார்.

ரயில்வே கேட்டில் கேட் மூடியிருந்தது. எல்லார் வாயும் மூடியிருந்தது. பின்னால் சைக்கிளில் வந்த ஒருத்தன் சும்மா இருக்காமல் டிரம்மை இரண்டு அடி அடித்தான். ஏழுமலை அண்ணன் திரும்பிக்கூடப் பார்க்காமல், "ரெண்டாவது அடி லேட்டு" என்றார். அங்கேதான் முதலில் ஒருத்தர் சிரித்தார், அப்புறம் எல்லாரும். கேட் திறந்தது. இரண்டாவது கியர் கரகரத்தது, விழுந்தது, ஜீப் போயிற்று. கோவில் வாசலில் இறங்கும்போது மூன்றே முக்கால்தான். லூர்து சார் கைக்கடிகாரத்தைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார்: "தேருக்கு இன்னும் பூவே வரல மாஸ்டர், இப்பவே வந்து நின்னா நாங்கல்ல லேட்டுன்னு ஆயிடும்?"

அன்றைக்கு எல்லாத் தெருவிலும் வாசித்தோம். போன வருஷம் விட்டுப்போன மூன்று தெருவில் அப்பா நின்று நின்று வாசித்தார். முதல் தெருவிலேயே ஒரு அம்மா என்னைக் கூப்பிட்டு ஆவணியில் தேதி காலியாக இருக்கிறதா என்று கேட்டார். நோட்டு கையிலேயே இருந்தது.

மறுநாள் முத்தாபுதுப்பேட்டைக்குப் போய் தங்கையா சாரிடம் ஒன்பதாவது குறையைச் சொன்னேன். அவர் நோட்டை எடுத்து, மூக்குக்கு அருகில் வைத்துக்கொண்டு எழுதப் போனார். பாதியில் பேனாவை மூடிவிட்டார்: "இது ஜீப்போட கொற இல்ல பாத்துக்க, கொட்டோட கொற. அத நீ உன் நோட்டுல எழுதிக்கிடு."

எழுதிக்கொண்டேன்: பழைய வண்டி வாங்கப் போகிறவர்கள் என்ஜினைப் பார்ப்பது, நம்பரைப் படிப்பது, தட்டிப் பார்ப்பது எல்லாம் செய்யலாம், ஆனால் தங்கள் வீட்டில் இருக்கிற பெரிய டிரம் எதுவோ அதைக் கையோடு தூக்கிக்கொண்டு போகவும்.